வீடு மாறினாலும் மாறாத முகவரி



தோட்டத்துக்குக் கடிதம் வந்த காலத்தை நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. கடிதங்களெல்லாம் ஒரே கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் அவற்றைப் பிரித்து வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். இன்னார், இன்ன தோட்டம், தைப்பிங், பேராக் என்று எழுதியிருந்தால் போதும். கடிதம் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். நமக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்த ஆசிரியர்கள் பாதி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், பாதி நேரம் பெரியவர்களுக்குக் கடிதம் படித்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த முகவரிக்கு ஒரு குறை இருந்தது. தோட்டம் இருக்கும் வரையில்தான் அதுவும் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. குடும்பங்கள் கமுண்டிங்குக்கும் சிம்பாங்குக்கும் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் பெயர்ந்து போயின. கடிதங்கள் மட்டும் பழைய ஆபீசுக்கே போய்க்கொண்டிருந்தன. ஆபீசும் மூடப்பட்ட பிறகு எங்கே போயினவோ, யாருக்குத் தெரியும்?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மின்னஞ்சலைப் பற்றி. கையில் இருக்கும் கைப்பேசியிலேயே மின்னஞ்சல் முகவரி ஒன்றை அமைத்துக்கொள்வது எப்படி, அமைத்த பிறகு அதைக் கைவிட்டுப் போகாமல் காப்பது எப்படி என்பதே பேச்சு. "அதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். அதற்குப் பதிலாக நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

எங்கள் பள்ளியில் படித்துப் போன பெண் ஒருத்தி. தந்தை செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவர். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. டிப்ளோமா படிப்புக்காக ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் செய்தாள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டிருந்தது. கைப்பேசி வாங்கிய கடையில் வேலை செய்த பையன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவளுக்கு ஒரு முகவரி திறந்து கொடுத்திருந்தான். அதையே எழுதினாள். பிறகு கைப்பேசி மழையில் நனைந்து கெட்டுப்போனது. வேறு கைப்பேசி வாங்கினார்கள், எண்ணையும் மாற்றிவிட்டார்கள். புதிய கைப்பேசியில் பழைய முகவரியைத் திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல் என்னவென்று அந்தப் பையனுக்குத்தான் தெரியும். பையனோ கடையை விட்டுப் போய்விட்டான். அவள் எங்களிடம் வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அழைப்புக் கடிதம் குறித்த நேரத்தில் வந்து அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. திறக்கத்தான் சாவி இல்லை.

மறு ஆண்டு அவள் வேறொரு படிப்பில் சேர்ந்தாள் என்பது உண்மைதான். ஆயினும் ஓராண்டு போனது போனதுதான். அந்த ஓராண்டும் அவள் ஒரு பேரங்காடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது பல்கலைக்கழக விண்ணப்பம், மெட்ரிகுலேஷன் விண்ணப்பம், கல்விக் கடன், வேலை மனு என எதை எடுத்தாலும் இணையத்தின் வழியே செய்ய வேண்டியிருக்கிறது. அடையாளக் கார்டு எண்ணுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் அருகில் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதும் முகவரிக்குத்தான் அவர்கள் கடிதம் போடுவார்கள்.

மின்னஞ்சல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். முகவரியின் நடுவில் ஆங்கில 'ஏ' எழுத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோல ஒரு குறி இருக்கும். அதை 'அட்' என்று படிப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர். பின்னால் இருப்பது அஞ்சல் நிலையத்தின் பெயர். முத்துவேல் அட் ஜிமெயில் டாட் காம் என்றால், ஜிமெயில் என்னும் அஞ்சல் நிலையத்தில் இருக்கும் முத்துவேல் என்று பொருள். இந்தக் குறியை இதற்குப் பயன்படுத்தியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆண்டு 1971. மனிதர் பெயரில் வராத குறியாக ஒன்று வேண்டும் என்று தேடி, தட்டச்சுப் பலகையில் சும்மா கிடந்த இதை அவர் எடுத்துக்கொண்டார்.

கடிதம் நேராக நம் கைப்பேசிக்குள் வந்து உட்காருவதில்லை. அது அஞ்சல் நிலையத்தின் பெரிய கணினியில் தங்கியிருக்கும். நாம் கைப்பேசியில் பார்ப்பது அங்கே இருப்பதைத்தான். பால்மரத்து மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பக்கத்தில் நிற்காவிட்டாலும் பால் சொட்டிச் சேர்ந்துகொண்டே இருக்கும். நேரம் வந்ததும் போய் எடுக்கலாம். ஆகவே கைப்பேசி உடைந்தாலும், திருட்டுப் போனாலும், தோட்டத்தில் இரண்டு நாள் தொடர்பு கிடைக்காமல் போனாலும் கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது. வேறு எந்தக் கைப்பேசியிலும் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டுத் திறந்துகொள்ளலாம். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. 2020 ஜூன் மாதத்தில் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி தொடர்பு கிடைப்பதற்காக மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியது நாடெங்கும் பேச்சாக இருந்தது. கடிதத்துக்காக அப்படி ஏறி உட்கார வேண்டியதில்லை. டவுனுக்குப் போகிறபோது திறந்தாலும் அது காத்திருக்கும்.

இனி, அமைக்கும் வழி. நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசி. அதில் ஜிமெயில் என்னும் செயலி பெரும்பாலும் வாங்கும்போதே இருக்கும். பல நிறங்களில் 'எம்' எழுத்துப் போட்ட உறைபோன்ற படம் அதன் அடையாளம். அதைத் தொட்டுத் திறந்து, மேலே வலப்பக்கத்து மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் வேறு கணக்கைச் சேர்க்க வழி காட்டும். பிறகு கூகுள் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கீழே புதிய கணக்கைத் தொடங்கும் வரி தெரியும். மலாய் மொழியில் வைத்திருப்பவர்களுக்கு அது 'புவாட் அக்காவுன்' என்றும், ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு 'கிரியேட் அக்கவுண்ட்' என்றும் இருக்கும். சொந்தப் பயனுக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதற்குக் காசு ஒன்றும் இல்லை. யாராவது ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கேட்டால் அது அவர்களுடைய கூலி, ஜிமெயிலுக்குப் போவதல்ல.

முதலில் பெயர் கேட்கும். இங்கேதான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? முதற்கட்டத்தில் நம் பெயரையும் இரண்டாவதில் தகப்பனார் பெயரையும் எழுதலாம்; இரண்டாவதை வெறுமனே விட்டாலும் தடையில்லை. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கக் குறிகளை இங்கே போட வேண்டாம். ஆனால் எழுத்துக் கூட்டு மட்டும் அடையாளக் கார்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறப்புப் பதிவு செய்தபோது யாரோ ஒரு கிராணி காதில் விழுந்தபடி எழுதிய கூட்டு நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். என்றாலும் சான்றிதழில் ஒன்று, கடிதத்தில் ஒன்று என்று இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே நம் நாள் போய்விடும்.

அடுத்து பிறந்த தேதி. உள்ளதை உள்ளபடி கொடுங்கள். 13 வயது நிறையாத பிள்ளை தானாகத் தொடங்க முடியாது. தாயோ தந்தையோ தம் கணக்கின் கீழ் அமைத்துத் தரவேண்டும். வயதைக் கூட்டிப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று சிலர் செய்கிறார்கள். பின்னால் கணக்குப் பூட்டிக்கொண்டு, நீங்கள்தானா என்று கேட்கும் நாளில் அந்தப் பொய்த் தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பிறகு முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் சற்று நின்று யோசிப்பது நல்லது. ஆங்கில எழுத்து, எண், புள்ளி இவை மட்டுமே ஏற்கப்படும். குறைந்தது 6, மிகுந்தால் 30 எழுத்து. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. இடையில் வைக்கும் புள்ளியையும் ஜிமெயில் கணக்கில் கொள்வதில்லை. நம் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் தகப்பனார் பெயரின் எழுத்தையோ ஊரின் பெயரையோ சேர்த்துக்கொள்ளலாம். அடையாளக் கார்டு எண்ணைச் சேர்க்கக் கூடாது. அது ஊரெல்லாம் பார்க்கும் இடம். விருப்பமான நடிகரின் பட்டப் பெயரையும் தவிர்க்க வேண்டும். எங்கள் பழைய மாணவன் ஒருவன் ஒரு நடிகரின் வெறியன் என்று பொருள்படும்படி முகவரி வைத்திருந்தான். வேலைக்கு மனுப் போட்டபோதுதான் அவனுக்கே கூச்சமாக இருந்ததாம். பதினான்கு வயதில் தேர்ந்தெடுப்பது நாற்பது வயதிலும் கூட வரப்போகிறது என்பது பிள்ளைகளுக்குத் தோன்றாது. பெரியவர்கள்தாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிறந்த தேதி, கார் எண், பிள்ளையின் பெயர் இவையெல்லாம் பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்தவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, நடுவே ஓர் எண்ணும் வைத்தால் நினைவில் நிற்கும், மற்றவர்களுக்கும் பிடிபடாது. எழுதி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதி வைக்கலாம் என்பது நம் கருத்து. ஒரு தாளில் முகவரியையும் கடவுச்சொல்லையும் தெளிவாக எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பேசி உறைக்குள் செருகி வைப்பதும் சுவரில் ஒட்டி வைப்பதும் வேண்டாம்.

இப்போது, அந்தப் பெண்ணின் கதையில் தவறிப்போன இடத்துக்கு வருகிறோம். கணக்கு அமைக்கும்போதோ அமைத்த பிறகோ ஒரு தொலைபேசி எண்ணையும், உதவிக்காக இன்னொரு மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். பலர் இதை வேண்டாத தொல்லை என்று தாண்டிவிடுகிறார்கள். கடவுச்சொல் மறந்துபோனால் கதவைத் திறந்துவிட வருபவை இவை இரண்டும்தாம். அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் உள்ள ஆறு இலக்கத்தைப் போட்டால் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் மக்கள் வைத்திருப்பது பெரும்பாலும் முன்பணம் போட்டுப் பேசும் எண். பணம் போடாமல் விட்டுவிட்டால் எண் செத்துப்போகும். பிறகு நிறுவனம் அதையே வேறு யாருக்காவது கொடுத்துவிடவும் கூடும். அப்புறம் நம் கதவின் சாவி முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் போய் விழும். ஆகவே எண்ணை மாற்றுகிற அன்றே, பழைய எண் உயிரோடு இருக்கும்போதே, கணக்கிலும் மாற்றிவிடுங்கள். உதவி முகவரியாகக் கணவன் மனைவியுடையதையும், மனைவி கணவனுடையதையும், பிள்ளை தாயுடையதையும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு படிச் சோதனை என்பதை இயக்கிவிட்டால், கடவுச்சொல் மட்டும் தெரிந்த திருடன் உள்ளே வர முடியாது. அதோடு, எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். கைப்பேசியே கையில் இல்லாத நாளில் அவற்றில் ஒன்று போதும். அவற்றையும் அதே தாளில் எழுதி அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு ஏற்கெனவே ஒரு முகவரி கொடுத்திருக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்துக்காகக் கொடுத்தது அது, எம்.ஓ.ஈ. என்ற எழுத்துகளும் கோடும் டி.எல். என்பதும் அதன் பின்பகுதியில் வரும். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அதைக் கொண்டுதான் வீட்டில் பாடம் நடத்தினோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி; அதுவும் தகப்பனார் வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும். அதைப் பேசத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது. அந்த முகவரி பாடத்துக்கானது. பள்ளியை விட்டுப் போன பிறகும் அது கூட வரும் என்று நம்பியிருக்க முடியாது. அதை மேற்படிப்பு விண்ணப்பத்தில் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மூன்றாம் படிவம் முடிவதற்குள் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்று இருந்தாக வேண்டும்.

தாய்மார்களுக்கும் தனியாக ஒன்று வேண்டும். "அவர் பேரில் இருக்கிறதே, போதாதா?" என்கிறார்கள். சேமநிதிப் பணம் உங்கள் பெயரில் இருக்கிறது. சொக்சோ உங்கள் பெயரில் இருக்கிறது. கடிதம் மட்டும் ஏன் இன்னொருவர் பெட்டிக்குப் போக வேண்டும்?

கடிதம் அனுப்புவது கடினமில்லை. பெறுபவர் முகவரி ஒரு கட்டம். அதன் கீழே 'சிசி' என்று ஒன்று இருக்கும். அது கார்பன் காப்பியின் சுருக்கம். ஆபீசில் நீலத் தாள் வைத்துப் படியெடுத்த காலத்தின் மிச்சம் அது. பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிறகு, மலாய்க் கடிதத்தில் 'பெர்க்காரா' என்று தலைப்பு எழுதுவோமே, அதற்கு ஒரு கட்டம். அதை வெறுமையாக விடக்கூடாது. என்ன காரியம், யார் எழுதுகிறார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிய வேண்டும். உள்ளே எழுதும்போது புலனத்தில் எழுதுவதுபோலச் சொற்களைக் கடித்துத் துப்பாமல், 'துவான்' என்றோ 'புவான்' என்றோ தொடங்கி, முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டு முடியுங்கள். சான்றிதழை இணைக்க வேண்டுமானால் காகிதக் கவ்விபோன்ற படத்தைத் தொட வேண்டும். படம் எடுக்கும்போது சான்றிதழை மேசைமேல் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் நம் நிழல் விழாமல் எடுக்க வேண்டும். இணைப்பு எல்லாம் சேர்ந்து 25 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது.

தமிழில் எழுதலாமா என்று சென்ற மாதம் ஒரு பெரியவர் கேட்டார். எழுதலாம். முன்பு இது பெரும்பாடாக இருந்தது. அனுப்புபவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லையேல் வெறும் கிறுக்கல். அந்தக் காலத்தில் நம் நாட்டிலேயே உருவானது முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் அதைத் தொடங்கினார். 2005-இல் அவருடைய செல்லினம், கைப்பேசியிலும் தமிழை எழுத வைத்தது. இப்போது யூனிகோட் என்னும் பொதுக் குறியீடு எங்கும் பரவிவிட்டதால், தைப்பிங்கில் எழுதிய தமிழ் திருச்சியிலும் அதே தமிழாகத் தெரிகிறது.

இனிக் காப்பதைப் பற்றிச் சில சொற்கள். வாரம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். மங்கில் நாள்கணக்கில் விட்ட பால் கட்டியாகிவிடுவதுபோல, பார்க்காமல் விட்ட கடிதத்தின் கெடு தாண்டிவிடும். 'ஸ்பேம்' என்னும் அறையையும் பாருங்கள். வேண்டாத விளம்பரம் என்று இயந்திரம் நினைப்பவை அங்கே போகும். சில வேளைகளில் கல்லூரியின் கடிதமும் அதில் மாட்டிக்கொள்ளும். முப்பது நாளில் அங்கே இருப்பவை தாமாக அழிந்துவிடும். இரண்டு ஆண்டு முழுதும் திறக்காமலே கிடக்கும் கணக்கைக் கூகுள் நிறுவனம் நீக்கிவிடலாம். இந்த விதியின்படி நீக்கும் வேலை 2023 டிசம்பரில் தொடங்கியது.

சேமநிதியில் கூடுதல் பணம் வந்திருக்கிறது, இங்கே தொடுங்கள் என்று வருகிற கடிதத்தைத் தொடாதீர்கள். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கத்தைக் கேட்பவர் அதிகாரி என்று சொன்னாலும், அண்ணன் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 முதல் அந்த எண்ணில் இயங்குகிறது. பழைய கைப்பேசியை விற்கும்போது அதிலிருந்து கணக்கை நீக்கிவிட்டு விற்க வேண்டும்.

கணக்கு சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் கடிதத்தை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். டாம்லின்சனும் 1971-இல் அப்படித்தான், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கிடையே தமக்கே அனுப்பிக்கொண்டார். என்ன எழுதினோம் என்பதுகூடப் பின்னால் அவருக்கு நினைவில்லை.

முப்பது ஆண்டு மரம் வெட்டிய அம்மா ஒருவர் சென்ற விடுமுறையில் பள்ளிக்கு வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து தம் கையாலேயே கணக்கைத் திறந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு தமக்கே ஒரு கடிதம் எழுதினார். "தைப்பிங்கில் மழை பெய்கிறது" என்ற ஒரே வரிதான். அனுப்பியதும் கைப்பேசி டிங் என்றது. எடுத்துப் படித்தார். சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "ஆமாம், சரியாகத்தான் வந்திருக்கிறது" என்றார்.